அட்டை இல்லாமல் வரும் பிள்ளைக்குத் தடுப்பூசி: யார் கையெழுத்து, எந்தத் தேதி, எந்த ஊசி

தத்தெடுத்த பிள்ளையோடும் வளர்ப்புப் பராமரிப்புக்கு வந்த பிள்ளையோடும் தடுப்பூசி அறைக்கு வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, "சிஸ்டர், என்னென்ன ஊசி பாக்கி?" என்பதுதான். அது கடினமான கேள்வி இல்லை, அட்டவணையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. யார் கையெழுத்துப் போட வேண்டும்? கையில் இருக்கும் காகிதத்தில் எந்தத் தேதியை நம்புவது? இந்தப் பிள்ளைகள் ஊசி இல்லாமல் மாதக்கணக்கில் நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டிலும்தான். தடுப்பூசியை எதிர்த்துச் சண்டை போடுகிறவர்களை நான் பார்த்ததைவிட, "யாரைக் கேட்பது என்று தெரியவில்லை" என்று தள்ளிப்போட்டவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நான் தடுப்பூசி அறையில் வேலை பார்க்கும் நர்ஸ். என் மகள் தத்து வந்தவள். அதனால் மேசைக்கு இந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே எழுதுவது உங்கள் குழந்தை மருத்துவர் சொல்வதற்கு மாற்று இல்லை. அவரிடம் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும், வாயில் என்ன கேள்வி இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் கையெழுத்து

தத்து ஆணை கைக்கு வந்துவிட்டால் குழப்பம் இல்லை. நீங்கள்தான் பெற்றோர், நீங்கள்தான் சம்மதம் தரலாம். சிக்கல் அதற்கு முந்தைய காலத்தில். பல நாடுகளில் ஆணை வருவதற்கு முன்பே பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தியாவில்கூடத் தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. பிள்ளை உங்கள் மடியில் இருக்கும், சட்டப் பொறுப்பு இன்னும் முழுசாக உங்கள் பேருக்கு மாறியிருக்காது. அந்தக் கட்டத்தில் மருத்துவச் சம்மதம் யாருடையது என்பதை ஒப்படைக்கும் அன்றே எழுத்தில் வாங்கிவிடுங்கள். "வழக்கமான மருத்துவக் கவனிப்பு" என்ற பொதுவான சொல்லோடு விட்டுவிடாதீர்கள். "அட்டவணைப்படியான தடுப்பூசிகள் உட்பட" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் திரும்பிப் போனவர்கள் உண்டு.

தற்காலிகமாக வளர்ப்பவர்களுக்கு நிலைமை வேறு. சோறு ஊட்டுவது, பள்ளியில் விடுவது, ராத்திரி காய்ச்சலுக்கு விழித்திருப்பது எல்லாம் நீங்கள். ஆனால் ஊசிக்குக் கையெழுத்து பெரும்பாலும் வேறொருவரிடம் இருக்கும். அது பெற்ற தாய் தகப்பனாக இருக்கலாம், நீதிமன்றமாக இருக்கலாம், அரசுத் துறையாக இருக்கலாம், இந்தியாவில் குழந்தைகள் நலக் குழுவாக இருக்கலாம். பிள்ளை எந்த ஏற்பாட்டில் உங்களிடம் வந்தது என்பதைப் பொறுத்து ஒரே நாட்டுக்குள்ளேயே இது மாறும். இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் தாங்களாக ஒப்புக்கொண்டு பிள்ளையை உள்ளாட்சியின் பராமரிப்பில் விட்டிருந்தால் சம்மதம் அவர்களுடையதுதான். நீதிமன்றம் பராமரிப்பு ஆணை பிறப்பித்திருந்தால், 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி உள்ளாட்சிக்கும் பெற்றோர் பொறுப்பு வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு வழக்கமான தடுப்பூசி போட, பெற்றோர் மறுத்தாலும் ஒவ்வொரு முறையும் நீதிமன்றம் போக வேண்டியதில்லை என்று 2020ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மறுக்கும் பெற்றோர் நீதிமன்றத்தை நாடும் உரிமையும் அப்படியே இருக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் வேறாக இருக்கும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த ஏற்பாடு, அதில் யாருக்கு எந்த அதிகாரம்?

இதை வாய்ப்பேச்சில் கேட்காதீர்கள். பிள்ளைக்குப் பொறுப்பான சமூகப் பணியாளருக்குச் சின்னதாக ஒரு கடிதமோ மின்னஞ்சலோ எழுதுங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, மருத்துவர் பரிந்துரைத்த ஊசிகளின் பட்டியல், முன்பதிவு செய்திருக்கும் நாள் நான்கையும் போடுங்கள். "இந்த நாளுக்குள் யாருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும், அதை யார் வாங்கித் தருவார்கள்?" என்று முடித்துவிடுங்கள். தேதி இல்லாத கடிதத்துக்குப் பதில் வராது. ஒவ்வொரு ஊசிக்கும் தனித்தனியாக ஓடாமல், பாக்கி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சம்மதமாக வாங்கிக்கொள்வது நல்லது.

பெற்ற தாய் மறுக்கிறாள் என்று உங்களிடம் சொல்லப்பட்டால், அவளிடம் யாராவது நேராகக் கேட்டார்களா என்று ஒருமுறை விசாரியுங்கள். பிள்ளை கையைவிட்டுப் போன ஆத்திரத்தில் எதைக் கேட்டாலும் "வேண்டாம்" என்கிற தாய்மார் இருக்கிறார்கள். "உங்க பிள்ளைக்கு முதல் ஊசி போட்டப்ப காய்ச்சல் வந்துச்சாம்மா? எந்த ஆஸ்பத்திரியில போட்டீங்க?" என்று மரியாதையாகக் கேட்டால், மறுத்த அதே அம்மா உட்கார்ந்து முழுக் கதையும் சொல்வாள். சம்மதம் கிடைப்பது ஒரு பக்கம். பிள்ளைக்கு முன்பு ஏதாவது ஒவ்வாமை வந்ததா, குடும்பத்தில் நோய் எதிர்ப்புக் குறைபாடு உண்டா என்ற செய்தியும் அவளிடம்தான் இருக்கிறது. வேறு எந்தக் கோப்பிலும் இருக்காது. உண்மையிலேயே உறுதியாக மறுக்கிறாள் என்றால் அதைச் சமூகப் பணியாளரிடம் விட்டுவிடுங்கள். அவளோடு வாதாடுவது உங்கள் வேலை இல்லை. மறைவாகக் கூட்டிப் போய்ப் போட்டுவிடலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம். அது வெளியே வந்தால் பிள்ளையின் இடமே ஆட்டம் காணும்.

இதற்கெல்லாம் ஒரு விதிவிலக்கு உண்டு, அவசரம். நாய் கடித்த பிள்ளையை வைத்துக்கொண்டு யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்கக் கூடாது. வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தகவல் சொல்ல வேண்டியவர்களுக்குப் போகிற வழியில் போன் போடுங்கள். மண்ணும் துருவும் பட்ட ஆழமான காயத்துக்கான டெட்டனஸ் ஊசியும் இப்படித்தான்.

அட்டையைப் படிப்பது

என் மேசைக்கு வந்த ஓர் அட்டையைச் சொல்கிறேன். பிறந்தவுடன் போடுவதிலிருந்து ஒன்றரை வயதுவரை எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. ஒரே நீல மை, ஒரே சாய்வு எழுத்து. மாதம் மாதம் 15ஆம் தேதி தவறாமல் ஊசி. கீழே ஒரே சுருக்கெழுத்துக் கையொப்பம். காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசி போட்ட தேதி, பிறந்த தேதிக்கு இரண்டு நாள் முந்தியது! ஊசி போட்ட நர்ஸ் ஒரே ஆளாக இருந்தாலும் ஒன்றரை வருடம் ஒரே பேனாவை வைத்திருக்க மாட்டார்.

இப்படி ஓர் அட்டை வந்தால் உடனே போலி என்று முத்திரை குத்த வேண்டியதில்லை. நனைந்து கிழிந்த பழைய அட்டையை யாராவது ஒரே மூச்சில் புதிதாகப் படியெடுத்திருக்கலாம். அப்படியானால் மூல அட்டையோ பிள்ளை முன்பு இருந்த இல்லத்தின் பதிவேடோ எங்காவது இருக்கும், அதைக் கேளுங்கள். தடுப்பூசியின் தொகுதி எண், போட்ட இடத்தின் முத்திரை, பதிவேட்டுப் பக்க எண் இவற்றில் ஒன்றிருந்தாலும் அந்த வரிக்கு மதிப்பு கூடும். ஒன்றுமே இல்லாமல், தேதிகளும் நடக்க முடியாதவையாக இருந்தால் அந்த அட்டையை இல்லாததாகவே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிறந்த தேதியையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். கைவிடப்பட்டுக் கிடைத்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதி என்பது மருத்துவர் உடம்பைப் பார்த்து மதிப்பிட்டுப் போட்டது. சத்துக்குறைவால் சிறுத்திருந்த ஒரு வயதுப் பிள்ளைக்கு எட்டு மாதம் என்று எழுதியிருக்கலாம், நேர்மாறாகவும் இருக்கலாம். பின்னால் பல்லையும் எலும்பையும் பார்த்துத் தேதியைத் திருத்தினால், ஊசி போட்ட வயதும் கூடவே மாறும். ஒன்பதாம் மாதத்தில் போட்டதாக நினைத்த தட்டம்மை ஊசி ஆறாம் மாதத்தில் போட்டதாகிவிடும். ஆறு மாதத்தில் போட்டது கூடுதல் டோஸாகத்தான் சேரும். வழக்கமான முதல் டோஸாகக் கணக்கில் வராது.

வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையானால் தேதி எழுதும் முறையையும் கவனியுங்கள். 03/04 என்பது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா? தாய்லாந்து அட்டையில் ஆண்டு 543 கூடியிருக்கும், 2560 என்றால் நம் 2017. எத்தியோப்பிய ஆண்டு ஏழெட்டு வருடம் பின்னால் இருக்கும், அதில் 13 மாதங்கள் வேறு. பிரெஞ்சு அட்டையில் ஆர்.ஓ.ஆர். என்று இருப்பது தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசிதான். தட்டம்மை என்று மட்டும் எழுதியிருந்தால் அது தட்டம்மைக்கு மட்டும்தான். ரூபெல்லாவும் பொன்னுக்குவீங்கியும் அதில் இருக்கும் என்று நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

போலியோவுக்குத் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. 2016 ஏப்ரலில் உலகம் முழுக்கச் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகை வைரஸை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வழக்கமான சொட்டு மருந்து மட்டும் குடித்த பிள்ளைக்கு இரண்டாம் வகைக்கு எதிரான பாதுகாப்பு ஊசி மருந்தில்தான் கிடைக்கும். சொட்டு மருந்து பலமுறை கொடுத்தாயிற்று என்று அட்டையில் இருந்தாலும், போலியோ ஊசி போட்டார்களா என்று தனியாகப் பாருங்கள். முகாமில் கொடுத்த சொட்டு மருந்தைச் சில நாடுகள் வழக்கமான டோஸாகக் கணக்கில் எடுப்பதில்லை.

தோள்பட்டையில் பி.சி.ஜி. தழும்பு இல்லை என்று பதறி வருகிறவர்கள் நிறையப் பேர். தழும்பு வராத பிள்ளைகளும் உண்டு. தழும்பு இல்லை என்பதற்காக மட்டும் மறுபடி போட வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இனி பெயர் மாற்றம். தத்து முடிந்ததும் பெயர் மாறும், சில இடங்களில் அடையாள எண்ணும் மாறும். இங்கிலாந்தில் தத்துப் பிள்ளைக்குச் சுகாதாரச் சேவை எண்ணையே புதிதாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். மின்னணுப் பதிவேட்டில் பழைய பெயரில் இருக்கும் ஊசிகள் புதிய பெயருக்குத் தானாகத் தாவிவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். பழைய கோப்பு மூடப்படுவதற்கு முன்பே, ஊசி விவரங்களை மட்டும் புதிய அட்டையில் ஏற்றி மருத்துவரிடம் கையொப்பம் வாங்கிவிடுங்கள். பழைய அட்டையைத் தூக்கிப் போடாமல் பூட்டி வையுங்கள். பள்ளிக்குப் புதியதைக் கொடுத்தால் போதும்.

எழுத்தில் இல்லாத டோஸ்

விதி எளிமையானது. எழுத்தில் தேதியோடு இருக்கும் டோஸ் போட்ட டோஸ். எழுத்தில் இல்லாதது போடாதது. "எல்லா ஊசியும் போட்டாச்சுன்னு ஆயா சொன்னாங்க" என்பது கணக்கில் வராது. ஆயா பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. இருபது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவருக்கு எந்தப் பிள்ளைக்கு எது போட்டது என்று நினைவிருக்காது.

கூடவே இன்னொரு விதி: இடைவெளி எவ்வளவு நீண்டாலும் வழக்கமான குழந்தைத் தடுப்பூசிகளை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. இரண்டு வருடம் முன் போட்ட ஒரு டோஸ், ஒரு டோஸ்தான். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சீக்கிரம் போட்டால்தான் கெடும். குறைந்தபட்ச வயதுக்கோ இடைவெளிக்கோ முன்னால் போட்டது செல்லாமல் போகலாம்.

ஏற்கெனவே போட்டிருந்து, தெரியாமல் மறுபடியும் போட்டால் என்ன ஆகும்? எம்.எம்.ஆர்., போலியோ, ஹெபடைடிஸ் பி போன்றவற்றில் ஒரு டோஸ் கூடினால் தீங்கில்லை. டெட்டனஸ் சேர்ந்த ஊசிகளில் மட்டும் கவனம் வேண்டும். அளவுக்கு மீறிச் சேர்ந்தால் போட்ட இடம் தோள் முழுக்க வீங்கிச் சிவந்து வலிக்கும். முந்தைய டோஸுக்கே அப்படி வீங்கியது என்று தெரிந்தால், அடுத்ததற்கு முன் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் அளவைப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஓர் உதாரணப் பிள்ளையை வைத்துப் பார்ப்போம். வயது மூன்றரை. நம்பத்தக்க அட்டையில் பி.சி.ஜி., பிறந்தபோது சொட்டு மருந்து, ஆறாவது வாரத்தில் ஒரு பென்டாவேலன்ட் (கக்குவான், தொண்டை அடைப்பான், டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி, ஹிப் ஐந்துக்கும் சேர்ந்த ஊசி), எட்டு மாதத்தில் தட்டம்மை. அவ்வளவுதான். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் மருந்தின் வயது தாண்டிவிட்டது, அதை நினைத்து வருந்த வேண்டாம். எட்டாம் மாதத் தட்டம்மை டோஸ் கணக்கில் வராது, எனவே இன்று எம்.எம்.ஆர். முதல் டோஸ், குறைந்தது நான்கு வாரம் கழித்து இரண்டாவது. கக்குவான், தொண்டை அடைப்பான், டெட்டனஸ் மூன்றும் சேர்ந்த ஊசியில் இன்று இரண்டாவது டோஸ். மூன்றாவது எப்போது என்பதில் அட்டவணைகள் வேறுபடும். சிலவற்றில் நான்கு வாரம், சிலவற்றில் ஆறு மாதம். பூஸ்டர் அதற்கும் பின்னால். ஹெபடைடிஸ் பி தொடரும். ஹிப் கிருமிக்கான ஊசி இந்த வயதில் ஒரு டோஸ் போதும் என்று பல அட்டவணைகள் சொல்கின்றன, ஐந்து வயதுக்கு மேல் ஆரோக்கியமான பிள்ளைக்கு அது தேவையே இல்லை. நிமோகாக்கல், போலியோ ஊசி, சின்னம்மை உங்கள் நாட்டு அட்டவணைப்படி. பாக்கி முழுவதையும் முதல் நாளே மருத்துவரிடம் ஒரு தாளில் தேதிகளோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்குப் போடும் நர்ஸ் ஒவ்வொரு மாதிரி சொல்வார், நானும் சொல்வேன்.

"ஒரே நாளில் நாலு ஊசியா? பிஞ்சு உடம்பு தாங்குமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். தாங்கும். வெவ்வேறு இடத்தில் போட்டால் போதும், ஒரே தொடையில் போட வேண்டி வந்தால் 2.5 சென்டிமீட்டர் இடைவெளி விடுவோம். உயிருள்ள வைரஸ் ஊசிகளான எம்.எம்.ஆர்., சின்னம்மை இரண்டையும் ஒரே நாளில் போடலாம். அந்த நாளை விட்டால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். எப்போது இடம் மாறுவான் என்று தெரியாத பிள்ளைக்குப் பிரித்துப் பிரித்துப் போடுவது என் கண்ணுக்கு இரக்கமாகத் தெரியவில்லை. அடுத்த தேதியில் அவன் வேறு ஊரில் இருப்பான்.

சளி, லேசான காய்ச்சல், எடைக் குறைவு, குறைமாதப் பிறப்பு எதுவும் தள்ளிப்போடக் காரணமில்லை. குறைமாதப் பிள்ளைக்கும் பிறந்த நாளிலிருந்துதான் கணக்கு.

ஊசிக்கு முன் எடுக்க வேண்டிய ரத்தம்

எல்லாவற்றுக்கும் எதிர்ப்புப் பொருள் பரிசோதனை செய்துவிட்டுப் போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தட்டம்மை, ரூபெல்லா, டெட்டனஸ் போன்றவற்றுக்குப் பரிசோதனை உண்டு. கக்குவானுக்கு நம்பத்தக்கது இல்லை. ஒரு வயதுக்குள் தாயின் எதிர்ப்புப் பொருளே ரத்தத்தில் இருக்கும், முடிவு குழப்பும். வளர்ந்த பிள்ளை, நிறைய டோஸ் எழுதிய ஆனால் சந்தேகமான அட்டை என்றால் பரிசோதனை உதவும். சின்னப் பிள்ளைக்குப் பெரும்பாலும் போட்டுவிடுவதே சுலபம்.

ஆனால் ஹெபடைடிஸ் பி பரிசோதனையை விடாதீர்கள். பெற்ற தாயின் நிலை தெரியாத எந்தப் பிள்ளைக்கும் அது தேவை. பிறக்கும்போது தொற்றியிருந்தால் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு அது நாள்பட்டதாக நின்றுவிடும், வெளியே ஓர் அறிகுறியும் தெரியாது. ரத்தத்தை ஊசிக்கு முன் எடுக்க வேண்டும். ஊசி போட்ட கையோடு எடுத்தால், மருந்தில் இருக்கும் அதே புரதம் இரண்டு மூன்று வாரம்வரை ரத்தத்தில் தென்பட்டு, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டலாம். எச்.ஐ.வி. பரிசோதனையையும் விடாதீர்கள். 18 மாதத்துக்குள் எதிர்ப்புப் பொருள் பரிசோதனை தாயின் நிலையைத்தான் சொல்லும், பிள்ளைக்கு வைரஸையே தேடும் பி.சி.ஆர். வேண்டும். எச்.ஐ.வி. முடிவைப் பொறுத்துத்தான் பி.சி.ஜி. போன்ற உயிருள்ள மருந்துகளைப் போடலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார். காசநோய்க்கான தோல் பரிசோதனை இருந்தால் அதை எம்.எம்.ஆர். போடும் அதே நாளிலோ முன்னதாகவோ வைத்துக்கொள்ளுங்கள். எம்.எம்.ஆர். போட்டுச் சில நாளில் செய்தால் தோல் சரியாகக் காட்டாது, நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுக்க வேண்டும். பிள்ளைக்கு அண்மையில் ரத்தமோ, எதிர்ப்புப் பொருளையே மருந்தாகக் கொடுக்கும் இம்யூனோகுளோபுலினோ ஏற்றியிருந்தாலும் எம்.எம்.ஆரைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும்.

இந்த முடிவுகள் பிள்ளையின் சொத்து. பள்ளிக்குத் தேவை தடுப்பூசிச் சான்று, ரத்த முடிவு இல்லை. உறவினர் கூட்டத்துக்கும் தேவையில்லை. காத்திருப்பு அறையில் உரக்க விசாரிக்கும் ஊழியரிடம் "உள்ளே போய்ப் பேசலாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஊசி நாள்

வீடு மாறி மாறி வந்த பிள்ளைக்கு ஊசி என்பது வெறும் வலி இல்லை. முன்பின் தெரியாதவர்கள் அமுக்கிப் பிடித்த ஞாபகம் சிலருக்கு இருக்கும். ஏழு வயதுப் பையன் ஒருவன் கதவருகிலேயே நின்றுகொண்டான்.

"எத்தனை?"

"மூணு தம்பி."

"வலிக்குமா?"

"வலிக்கும். பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிரும். எந்தக் கையில மொதல்ல?"

அவன் யோசித்தான். இடது கை என்றான். "அந்த ஆன்ட்டி புடிக்கக் கூடாது, இவங்கதான்" என்று வளர்ப்பம்மாவைக் காட்டினான். சரி என்றேன். அவர் மடியில் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரு கையால் அவர் தாலிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது ஊசிக்குக் கத்தினான், ஆனால் கையை இழுக்கவில்லை.

இதில் வித்தை ஒன்றும் இல்லை. படுக்க வைத்து அழுத்தாமல் உட்கார வைத்துப் பிடிப்பது, அதிகம் எரியும் ஊசியைக் கடைசிக்கு வைப்பது இரண்டும் உலக சுகாதார நிறுவனம் 2015லேயே பரிந்துரைத்தவை. "வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். பெரியவர்கள் சொல்வதை நம்பாமல் இருக்க அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே போதுமான காரணம் இருக்கிறது. பிள்ளை உங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே ஊசிக்குக் கூட்டிவர வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம், ஊரில் தட்டம்மை பரவிக்கொண்டிருந்தால் ஒழிய. நாலைந்து நாளில் உங்கள் மடி அவனுக்குப் பழகட்டும். அந்த நாலைந்து நாள் நாலைந்து மாதமாகிவிடாமல் முன்பதிவை மட்டும் உடனே செய்துவிடுங்கள்.

பெரிய பிள்ளைகளிடம், சில புற்றுநோய்களுக்குக் காரணமான வைரஸைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி பற்றி நேராகப் பேசுங்கள். 9 முதல் 14 வயது அதற்கு ஏற்ற காலம். பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளைக்கு 9 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது அமெரிக்க அட்டவணை. எதற்காக இந்த ஊசி என்று சொல்லும்போது பழைய விஷயத்தைக் கிளற வேண்டியதில்லை. "இந்த வயசுப் பிள்ளைகள் எல்லாருக்கும் போடறது, புற்றுநோய் வராம இருக்க" என்பது உண்மையும்கூட, போதுமானதும்கூட.

வீட்டில் இருப்பவர்கள்

பிள்ளை வருவதற்கு முன்பே உங்கள் அட்டையையும் எடுத்துப் பாருங்கள். சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தத்து வந்த குழந்தைகளிடையே 2001லும் 2004லும் தட்டம்மை பரவியது. பயணத்தில் கூடவே இருக்கும் பெற்றோருக்கும் வீட்டில் காத்திருக்கும் தாத்தா பாட்டிக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதற்கு அது ஓர் உதாரணம். தட்டம்மை, கக்குவான் பூஸ்டர், ஹெபடைடிஸ் பி இவற்றை வீட்டுப் பெரியவர்கள் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஹெபடைடிஸ் ஏ சின்னப் பிள்ளைகளிடம் அறிகுறியே இல்லாமல் இருக்கும், டயப்பர் மாற்றுகிறவருக்குத் தொற்றும். அந்த நோய் அதிகமுள்ள நாட்டிலிருந்து பிள்ளை வருகிறதென்றால், வருவதற்கு இரண்டு வாரமாவது முன்பு நீங்கள் அந்த ஊசியைப் போட்டுக்கொள்வது நல்லது. வளர்ப்புப் பராமரிப்பில் அடிக்கடி பிள்ளைகள் வந்துபோகும் வீடு என்றால், ஒரேயடியாக எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்.

பிள்ளை கிளம்பும்போது

வளர்ப்புப் பிள்ளை பெற்றவர்களிடம் திரும்பலாம், வேறு வீட்டுக்குப் போகலாம், தத்துப் போகலாம். சில சமயம் ஒரே நாள் முன்னறிவிப்புதான் கிடைக்கும். அதனால் அட்டையைக் கடைசி நாளில் தேட வேண்டியிராதபடி ஒவ்வொரு ஊசிக்கும் அன்றே படமெடுத்து வையுங்கள். ஊசியின் பெயர், தொகுதி எண், போட்ட தேதி, எந்தக் கை, காய்ச்சல் வந்ததா, அடுத்தது எப்போது என்று ஒரு பக்கம் போதும். மூல அட்டை பிள்ளையோடு போகட்டும். ஒரு பிரதி சமூகப் பணியாளருக்கு, ஒன்று மருத்துவரின் கோப்புக்கு. பெட்டி கட்டும்போது துணிகளுக்கு அடியில் வைக்காதீர்கள், மேலே, கைப்பையில் வையுங்கள். அடுத்த வீட்டுக்காரருடைய போன் எண் கிடைத்தால், அடுத்த ஊசித் தேதியை மட்டும் அவருக்கு ஒரு செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள்.